நல்லரத்தினத்தின் குறிக் கொப்பி

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கால்நடை வளர்ப்போர் சங்கத் தலைவர் கனகசிங்கம் ஐயா அவர்களே! ஏழு வருடங்களுக்குப் பிறகு எங்கள் ஊர் மேடையில் வந்து அமர்ந்திருக்கும் காத்தான்குடி முஸ்லிம் சகோதரர் ஆதம்பாவா காக்கா அவர்களே! முன்வரிசையில் இருக்கும், அமரரின் மனைவி சீதேவிப்பிள்ளை அக்கா அவர்களே! இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்ற கவலையோடு வந்திருக்கும் ஊரவர்களே! யாரென்று எனக்குத் தெரியாமல் பின்சுவரோடு சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பேரே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் வினாயகமூர்த்தி. அமரர் நல்லரத்தினம் அவர்கள் காணி அலுவலகத்தில் பிரதம லிகிதராக இருந்தபோது, அதே அலுவலகத்தில் தாபனக் கிளை லிகிதராக இருந்தவன் நான். இன்றும் அதே கதிரையில்தான் இருக்கிறேன். லீவுக் கடிதமும் இடமாற்றக் கடிதமும் வைத்தியச் சான்றிதழும் என் மேசைக்குத்தான் வரும். ஒருவர் காய்ச்சல் என்று எழுதினால், அன்றைக்கு அவருடைய சொந்தத்தில் யாருக்குக் கலியாணம் என்று விசாரிப்பேன். அது என் தொழில். தொழில் பிறகு குணமாகிவிட்டது.

தலைவர் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார். நல்லவர், வல்லவர் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கலாம். அதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் நல்லரத்தினம் அண்ணரைப் பற்றி நான் சொன்ன பொய் ஒன்று இருக்கிறது. அதை இன்றைக்கு அக்காவின் முகத்துக்கு முன்னால் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கக் கூடாது என்று நினைத்துத்தான் வந்தேன். சொல்லி முடிப்பேனா? எனக்கே நிச்சயமில்லை. மற்றவர்களை நம்பாதது போலவே என்னையும் நான் அதிகம் நம்புவதில்லை.

முதலில் அவருடைய மரணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே பாதிப் பேர் மனதில் இருக்கும் கேள்வி எனக்குத் தெரியும். யார் செய்தது? எந்தப் பக்கம்? என்ன காரணம்? ஐயா, அம்மா, யாரும் செய்யவில்லை. மண்டூர்க் கோயில் தீர்த்தத் திருவிழா முடிந்து நான்காம் நாள், வாவிக்கு அக்கரையில் ஒரு மாட்டுப் பட்டியில் கன்றுக்கு மருந்து பருக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். துறைக்குக் கொண்டு வருமுன்னே உயிர் போய்விட்டது. நான் மூன்று பேரைத் தனித்தனியே விசாரித்தேன். மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள். மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்களோ என்று நான்காவது ஆளையும் விசாரித்தேன். இந்த யுத்தகாலத்தில் ஒரு மனிதன் ஐம்பத்தி மூன்று வயதில் இதயம் நின்று இறக்கலாம் என்பதையே நாங்கள் நம்ப மறந்துவிட்டோம்!

சரி, அவருடைய வாழ்க்கைக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் அவருடைய வேலை காணிப் பத்திரங்களைச் சரிபார்ப்பது. அவருடைய எழுத்து முத்துப்போல இருக்கும். பதினெட்டு வருடம் ஒரு கோப்பையும் தவறவிடாதவர். தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். வாவிக்கு இக்கரை ஆமியிடம், அக்கரை இயக்கப் பெடியன்களிடம். நாங்கள் இக்கரையில் மின்விசிறிக்குக் கீழே இருந்து, யாரும் கால் வைக்க முடியாத வயல் வட்டைகளுக்கு எல்லை பிரித்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கடிதம் வந்தால் பதில் போக வேண்டும், அவ்வளவுதான்.

தொண்ணூற்றி இரண்டாம் ஆண்டு மாசி மாதம் ஒரு நாள், அக்கரையிலிருந்து அன்னப்பூரணி என்ற பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மிருக வைத்தியரின் கந்தோர் என்று நினைத்து வந்துவிட்டார். முதல் நாள் மாலையிலிருந்து அவருடைய பசு கன்று போட முடியாமல் கிடந்தது. மிருக வைத்தியருக்கோ அரசாங்க அலுவலாக அக்கரை போக அனுமதியில்லை. நான் அந்தப் பெண்ணிடம் "இது காணிக் கந்தோர், வெளியே போங்க" என்று சொன்னேன். வேவு பார்க்க வந்திருக்கிறாரோ என்றும் யோசித்தேன். நல்லரத்தினம் அண்ணர் எழுந்து வந்து, "கால் வெளிய வந்திட்டா, தலை வந்திட்டா?" என்று கேட்டார். பிரதம லிகிதர் கேட்கிற கேள்வியா அது? பிறகு அரை நாள் லீவு எழுதி என் மேசையில் வைத்துவிட்டு அந்தப் பெண்ணோடு போய்விட்டார்.

அடுத்த நாள் காலை வந்து கதிரையில் இருந்தார். கை முட்டி வரை சிராய்ப்பு. கோப்பைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "மூர்த்தி, நேத்து நான் ஒரு வேலை செய்தன். கண்டுக்குட்டி உயிரோட எழும்பி நிண்டிச்சு. சின்ன வயசில அப்பா செய்யக்குள்ள பாத்தது, கை மறக்கல்ல. இந்தப் பதினெட்டு வருசமா நான் இங்க என்னத்தச் செய்தனான்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அரை நாள் லீவுக்கு அத்தாட்சி வேணும் அண்ணர்" என்று சொன்னேன்.

சபையோரே, அவர் பயமில்லாமல் வேலையை விட்டார் என்று இங்கே எனக்கு முன்னால் பேசியவர் சொன்னார். அது சரியில்லை. எனக்கு எப்படித் தெரியும்? அவருடைய குப்பைக் கூடையைப் பார்த்தவன் நான். ஆம், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அவர் வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கூடையிலிருந்த கிழிந்த தாள்களை எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். மூன்று மாதத்தில் நாலு இராஜினாமாக் கடிதங்கள். முதலாவது, "நான்" என்ற சொல்லோடு நின்றுவிட்டது. இரண்டாவதில் காரணம் என்ற இடம் வெறுமையாக இருந்தது. மூன்றாவதில் உடல்நலம் என்று எழுதி, எழுதியதை வெட்டியிருந்தார். நாலாவதில் எல்லாம் சரியாக இருந்தது, கையொப்பம் மட்டும் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள் உள்ள வீடு. இன்னும் இரண்டு வருடம் இருந்தால் பென்சன் கிடைக்கும். பயம் வராதா? பயந்து பயந்து, கிழித்துக் கிழித்து, ஐந்தாவது கடிதத்தில் கையொப்பம் வைத்தார். காரணம்: "வேறு வேலை செய்ய விரும்புகிறேன்." என் மேசையில் அதை வைத்தவர், மறுபடியும் எடுத்து ஒரு முறை வாசித்துவிட்டு வைத்தார். அந்தத் தயக்கத்தை நான் துணிவு என்று எடுக்கவில்லை. களவு என்று எடுத்தேன்.

ஏனென்றால், அரசாங்க வேலையை யாராவது விடுவார்களா? அதுவும் மாட்டுக்காக? கந்தோர் முழுக்க இதே பேச்சு. பத்திரத்தில் ஏதோ மோசடி, பிடிபடுமுன்னே கழன்றுவிட்டார் என்றார் ஒருவர். அக்கரையில் வேறு வீடு இருக்கிறது என்றார் இன்னொருவர். கனடாவுக்கு ஆயத்தம் என்றார்கள், இயக்கத்துக்குப் போய்விட்டார் என்றார்கள், இயக்கத்தைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்றும் அதே வாயால் சொன்னார்கள். நான் எதையும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நம்பினேன்!

அவரோ, மிருக வைத்தியரோடு ஆறு மாதம் கூடத் திரிந்து ஊசி போடப் பழகினார். ஊசி போட வைத்தியர் கொடுத்த அனுமதிக் கடிதத்தையும் மருந்து வைக்கும் ஒரு ஐஸ் பெட்டியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோணி ஏறத் தொடங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவருக்குப் பின்னால் போனேன். கோயிலுக்குப் போகிறேன் என்று துறையில் பொய் சொல்லி, அடுத்த தோணியில் ஏறி, அக்கரை இறங்கி, ஒரு விளாத்தி மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று இரண்டு மணித்தியாலம் பார்த்தேன். ஒரு மாட்டின் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார். சிரிக்கிறாரே, ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு இன்னும் சந்தேகம் கூடியது. பதினெட்டு வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறேன், அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

இப்போது அவருடைய மாட்டுக்குறிக் கொப்பிக்கு வருகிறேன். நம்மூர் மாடுகளுக்குப் பழுக்க வைத்த கம்பியால் குறி சுடுகிற வழக்கம் வெளியூராருக்குத் தெரியாது. ஒரு பக்கம் குடும்ப வழியைக் காட்டும் குடிக்குறி, மறுபக்கம் உடையவரின் குறி. சூலம் இருக்கும், பிறை இருக்கும், கொக்கி இருக்கும். இக்கரைக்கு ஓடி வந்தவர்களின் மாடுகள் அக்கரையில் ஆளில்லாமல் திரிந்தன. காத்தான்குடி ஆட்களின் மாடுகளும் அப்படித்தான். அவற்றைப் பிடித்து ஊசி போட்டால் மட்டும் போதாது, எந்த மாடு யாருடையது என்று பதிய வேண்டும், நாளைக்குச் சண்டை முடிந்தால் உடையவர் கையில் ஒப்படைக்க வேண்டும் என்று நல்லரத்தினம் அண்ணர் நினைத்தார். தடித்த மட்டை போட்ட ஒரு சி. ஆர். கொப்பியில் ஒவ்வொரு குறியையும் கீறினார். பக்கத்தில் இடம், திகதி, எத்தனை உருப்படி, எத்தனைக்கு ஊசி, எத்தனை செத்தது. கந்தோரில் பழகிய கை அல்லவா? ஒரு புள்ளி பிசகாது.

தொண்ணூற்றி மூன்று ஐப்பசியில், துறையடிச் சோதனைச்சாவடியில் அந்தக் கொப்பியைப் பிடித்தார்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள். விளங்காத அடையாளங்கள். அக்கரை இடங்களின் பெயர்கள். திகதி. பதினான்கு, பதினொன்று, செத்தது இரண்டு. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? மாடு என்று அவர் சொன்னார். மாட்டுக்கு யாராவது இப்படிக் கணக்கு வைப்பார்களா, அதுவும் வேலையை விட்டுவிட்டு என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நானும் ஒன்றரை வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் என் பெயரைச் சொன்னார். கந்தோரில் கூட இருந்தவன், இந்த மண்ணில் பிறந்தவன், குறி தெரிந்தவன், கேட்டுப் பாருங்கள் என்று சொன்னார். என்னை முகாமுக்குக் கூப்பிட்டார்கள்.

இதுதான் அந்த இடம். தண்ணீர் கொஞ்சம் தாருங்கள்.

அந்த அதிகாரி என்னை அடிக்கவில்லை. மிரட்டவில்லை. கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார். மொழிபெயர்ப்பதற்கு ஒருவர் பக்கத்தில் நின்றார். கொப்பியை என் முன்னால் விரித்து, "இது மாட்டுக்குறியா?" என்று கேட்டார். மூன்றாம் பக்கத்தில் பிறைக்குக் கீழே ஒரு கொக்கி. அது என் தகப்பனின் குறி. அதற்குப் பக்கத்தில் முத்தான எழுத்தில், "மூர்த்தி தகப்பனார், உருப்படி ஐந்து, ஊசி ஐந்து" என்று இருந்தது. நாங்கள் விட்டுவிட்டு வந்த மாடுகளைத் தேடிப் பிடித்து, நான் கேளாமலே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே, ஊசி போட்டிருக்கிறார்!

நான் சொன்னேன்: "தெரியா. இப்பிடியொண்ட நான் ஒரு நாளும் காணல்ல."

முகத்துக்குச் சாக்குப் போட்டுக்கொண்டு தலையாட்டிக் காட்டிக்கொடுத்தவர்களை நாங்கள் எல்லோரும் ஏசியிருக்கிறோம். நான் சாக்குப் போடவில்லை. பட்டப்பகலில், தேத்தண்ணிக் கோப்பையோடு, ஆம் என்று ஆட்ட வேண்டிய தலையை இல்லை என்று ஆட்டினேன். பின்சுவரோடு நிற்கிற தம்பிமாரே, எந்தப் பக்கத்துக்கு எழுதினாலும் இதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

பயமா? பயம் இருந்தது. அக்கரையில் உனக்கு மாடு நிற்கிறதா, அதன் பாலை யார் குடிக்கிறார்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். ஆனால் பயம் மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். என்னுடைய கண்முன்னே என் தகப்பனின் மாடுகள் எழுதப்பட்டிருந்தும், எனக்குள் ஒருவன், இதில் வேறு ஏதோ இருக்கிறது, இல்லாமல் ஒரு மனிதன் இப்படிச் செய்வானா என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவர் சொன்னது உண்மை என்றால், பிடித்த வேலைக்காக ஒருவன் கதிரையை விட்டு எழும்பலாம் என்றால், நான் இருபத்தைந்து வருடமாக எதற்காக இருந்துகொண்டிருக்கிறேன்? அந்தக் கேள்விக்கு முகம் கொடுப்பதைவிட அவரைக் கள்ளன் என்று வைத்துக்கொள்வது எனக்கு இலேசாக இருந்தது.

அவரை மூன்று மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். அந்த மூன்று மாதமும் மாரி. மாடுகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய் வருகிற காலம். ஒவ்வொரு மாரிக்கும் திரும்பப் போட வேண்டிய ஊசியைப் போட ஆளில்லை. அக்கரையில் இருநூற்றுக்கு மேல் மாடுகள் விழுந்தன. அன்னப்பூரணியின் பசுவும், நல்லரத்தினம் அண்ணர் கையால் உயிர் பெற்ற அந்தக் கன்றும் செத்தன. எங்கள் ஐந்தில் நாலு செத்தது.

அவரை வெளியே கொண்டு வந்தது யார்? அவருடைய சாதி சனமா? கந்தோரா? நானா? இதோ இருக்கிறாரே ஆதம்பாவா காக்கா, அவர்! அந்த நேரத்தில் தமிழனுக்காக ஒரு முஸ்லிம் முகாம் வாசலுக்குப் போவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊருக்குள்ளும் ஏச்சு வாங்கினார். தன்னுடைய குறிக்கம்பியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனார். வாசலில் அதையும் ஆயுதம் என்று பறித்தார்கள். காக்கா அந்த அதிகாரியிடம், "சேர், இது எண்ட மாட்டுட குறி. உங்கட குசினி அடுப்பில ஒருக்காப் பழுக்க வெச்சுத் தாங்க, காட்டுறன்" என்று கேட்டார். பழுக்க வைத்த கம்பியை ஒரு பலகையில் அழுத்தினார். பிறகு கொப்பியில் அதே குறி இருந்த பக்கத்தைத் திருப்பிப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாராம். மறுகிழமை விட்டுவிட்டார்கள். ஒரு பலகையும் ஒரு கம்பியும் போதுமாக இருந்திருக்கின்றன. ஒரு வார்த்தையே போதுமாக இருந்திருக்கும்.

வெளியே வந்த நல்லரத்தினம் அண்ணர் நேரே கந்தோருக்கு வந்தார். மெலிந்து போயிருந்தார். நான் கோப்புக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். "மூர்த்தி, அப்பாட மாட்டில ஒண்டுதான் நிக்கிது. பயப்படாதீங்க, அதப் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அவருக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா? அடுத்த கிழமை ஒரு சட்டித் தயிர் கொடுத்தனுப்பினார். எங்கள் மாட்டுப் பாலில் உறைந்த தயிர். நான் அதை முதலில் பூனைக்கு வைத்துப் பார்த்தேன். சிரியுங்கள், சிரிக்கத்தான் வேண்டும்! மாதம் ஒரு சட்டி வந்தது. பூனை கொழுத்தது. அவர் தெரிந்துகொண்டு குத்திக்காட்டுகிறாரா, தெரியாமல் அன்பு காட்டுகிறாரா என்று மூன்றரை வருடம் அந்தத் தயிர்ச் சட்டியை விசாரித்துக்கொண்டே இருந்தேன். நேரே போய், "அண்ணர், நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு தோணிப் பயணம். போகவில்லை. இப்போது போக இடமில்லை.

கண்ணீரோடு பேசுவதாக நினைக்க வேண்டாம், எனக்குக் கோபம்தான் வருகிறது, என்மேல்.

அன்பர்களே! அவருடைய பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் எல்லோரும் சொன்னார்கள். எப்படித் தொடர்வது? மாரி வருகிறது. ஊசி மருந்து நேற்று வந்துவிட்டது. நல்லரத்தினம் அண்ணரிடம் ஊசி போடப் பழகிய ஆதம்பாவா காக்கா போகச் சம்மதித்திருக்கிறார். ஆனால் முஸ்லிம்கள் கால் வைக்கப் பயப்படும் அக்கரைக்குக் காத்தான்குடி மனிதர் தனியே போவது எப்படி? கூடப் போக, பெட்டி தூக்க, ஒவ்வொரு குறியையும் கீறிப் பதிய ஒரு தமிழன் வேண்டும். நான் போகலாம் என்று நினைக்கிறேன். வேலையை விட்டுவிடவில்லை, பொய் சொல்ல மாட்டேன், அந்தத் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை. ஆறு கிழமை லீவு எழுதி வைத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் "மாடு" என்று எழுதினேன். எங்கள் கிளையில் யாரும் நம்பப் போவதில்லை.

ஆனால் ஒருவரைக் கேட்காமல் அந்தப் பெட்டியில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. சீதேவிப்பிள்ளை அக்கா, நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நல்லரத்தினம் அண்ணரின் பெட்டியை நான் தூக்கக் கூடாது என்றால் இந்தச் சபையிலேயே சொல்லுங்கள். நான் இறங்கிப் போகிறேன்.

அக்கா எழும்புகிறார். சத்தம் போடாதீர்கள். சொல்லுங்கள் அக்கா. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, அக்கா சொல்வதை அப்படியே நான் திருப்பிச் சொல்கிறேன்.

"எனக்குத் தெரியும் தம்பி. அவர் வெளிய வந்த அண்டைக்கே சொன்னவர்."

"அவர் உங்களக் குறை சொல்லல்ல. நான் சொன்னன். இப்பவும் சொல்லுறன்."

சொல்லுங்கள் அக்கா.

"ஆனா மருந்து காத்திரிக்காது. நாளைக்கு ஆறு மணித் தோணிக்கு வாங்க. பிந்தினா ஐஸ் கரைஞ்சிரும்."

வாறன் அக்கா.